அலுமாரிக்குள் இருந்த பிளக்

இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. என் பழைய காருக்காக அலைந்து வாங்கிய புது ஸ்பார்க் பிளக்குகளை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, கரி பிடித்த பழையவற்றையே தேய்த்துத் தேய்த்துப் போட்டு ஓட்டினேன். "மாத்துங்கோவன்" என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்பேன்.

ஒருநாள் கிண்ணியாவில், வாகனங்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகிலிருந்து இறங்கிக் கரைச் சரிவில் ஏறும்போது என்ஜின் இருமி நின்றது. பிரேக்கை மிதித்தும் சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கின. கார் பின்னோக்கித் தண்ணீரை நோக்கி நகர்ந்தது. பின் சீட்டில் மனைவி, அவள் மடியில் எங்கள் மகள்.

முன்பின் தெரியாத வியாபாரி ஒருவர், தோளில் சுமந்த அரிசி மூட்டையை அப்படியே சக்கரத்தடியில் போட்டார். கார் நின்றது. மூட்டை கிழிந்து அரிசி சேற்றில் கொட்டியது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"பிளக்தான் போல. புதுசு கிடைக்கல்லியா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "இருக்கு. அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு."

எதைப் பூட்டி வைத்தேன், எதைப் பின் சீட்டில் ஏற்றி வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.