இரண்டு பல் தள்ளி வைத்த பொட்டு

என் அக்கா பொய்க்காரி. முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே நாலு பேர் கூடினாலும், "அந்தப் பொட்ட நாந்தான் தப்பா வெச்சேன்" என்று சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்ட வருஷம் அது. கல்வராயன் மலைக்குப் போய்த் திரும்பிய சென்னை டாக்டர் ஒருவரின் கார், கள்ளக்குறிச்சியில் எங்கள் அப்பாவின் ஷெட்டுக்கு எதிரே கத்திக்கொண்டு வந்து நின்றது. பழைய சிவப்பு ரேஸ் கார். துணிக் கூரை, இரண்டே சீட்டு. டிராக்டரும் லாரியும் மட்டுமே பார்த்த தெரு மொத்தமும் கூடிவிட்டது.

அப்பா மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். என்ஜினின் மேல் சக்கரங்களையும் கீழ்ச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைப்பது ஒரு பல் பெல்ட்டு. அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் உருளையில் பேரிங் போய்விட்டது. சேலத்துக்கு ஆள் அனுப்ப வழியில்லை. அப்பா ஒரு தண்ணீர் மோட்டாரிலிருந்து அளவு ஒத்த பேரிங்கைக் கழற்றி எடுத்து வைத்தார்.

ஆனால் ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே அவர் கை நுழையவில்லை. நான் ஓடிப்போய் நின்றேன். எனக்குப் பதினோரு வயது, தடித்த உடம்பு.

"தள்றா, உன் கை ஒலக்க மாதிரி கீது. அக்காவ கூப்புடு."

பதினாலு வயது அக்கா வந்தாள். அவள் விரல்கள் முருங்கைக்காய் மாதிரி. பெல்ட்டைக் கழற்றுமுன் சக்கரங்கள் நின்ற இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும்; காரிலிருந்த பழைய குறிகள் தேய்ந்திருந்தன. பெயின்ட் வாங்கலாம் என்றால் கடையடைப்பு. மறுநாள் ஆயுத பூசை என்பதால் அம்மா சந்தனம் கரைத்து வைத்திருந்தாள். அக்கா அதை மோதிர விரலால் தொட்டு, ஒவ்வொரு சக்கரத்திலும் அதற்கு நேரே இரும்பிலும் மிளகளவு பொட்டு வைத்தாள். பிறகு பெல்ட்டையும் உருளையையும் கழற்றிக் கொடுத்தாள்; அப்பா உருளையில் அந்தப் பேரிங்கை ஏற்றினார்.

"பலே! பூசை முடிஞ்சதும் பெல்ட்ட மாட்டு, மலை அடிவாரம் வரைக்கும் உன்ன கூட்டிட்டுப் போறேன்" என்றார் டாக்டர்.

அவர் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு சீட்டு.

பூசையன்று ஷெட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது ஆண்பிள்ளையான என் வேலை. ஜாக்கிக்கு வைத்தேன், பட்டறைக் கல்லுக்கு வைத்தேன். பிறகு காரின் பக்கம் போனேன். மேல் சக்கரம் ஒன்றில் அக்கா வைத்திருந்த பொட்டைத் துணியால் துடைத்தேன். இரண்டு பல் தள்ளி என் கட்டைவிரலால் ஒன்று வைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் அக்கா, பொரித் தட்டோடு.

"இன்னாடா பண்ணிக்கினு கீற? பொரி வேணுமா?"

அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் பொட்டுக்குப் பொட்டு சேர்த்து அவளே பெல்ட்டை மாட்டினாள். சாவி போடுமுன் அப்பா ஸ்பானரால் கீழ்ச் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். முக்கால் சுற்றில் 'டக்' என்று இடித்து நின்றது. அப்பாவின் முகம் கறுத்தது.

"சாவி போட்டிருந்தா வால்வு மொத்தமும் வளைஞ்சிருக்கும். எவ வெச்ச பொட்டு இது?"

அக்கா குனிந்து அந்தப் பொட்டையே பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"நாந்தாம்பா. தப்பா வெச்சிட்டேன்."

"பொட்டப் புள்ளய வெச்சிக்கினு வேல செஞ்சேன் பாரு, என்னத்தான் சொல்லணும். வூட்டுக்குள்ள போ. இனிமே ஷெட்டு பக்கம் வராத."

பிளக் ஓட்டையில் கம்பி விட்டு பிஸ்டனின் உயரம் பார்த்து, எல்லாவற்றையும் சரிசெய்ய அப்பாவுக்குச் சாயங்காலம் ஆயிற்று. விளக்குப் பிடித்தவன் நான். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பியபோது அந்தச் சீட்டில் இருந்தவனும் நான். அக்கா ஜன்னலில் நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சீட்டு போன வயிற்றெரிச்சல் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அன்று அவளுக்குப் போனது சீட்டு இல்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. ஷெட்டு இன்று என் பெயரில் இருக்கிறது. அவளை நைனார்பாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். கையை வைத்தாலே எந்தப் பேரிங் என்று சொல்லிவிடுகிறாளாம். எனக்கு இன்றைக்கும் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அக்கா, வருகிற ஆயுத பூசைக்கு ஷெட்டுக்கு வா. என் ஆட்கள், உன் பிள்ளைகள், தெருக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். நீ வைத்தது மிளகளவு. அங்கே இருந்தது என் கட்டைவிரல் அளவு. வித்தியாசம் தெரிந்ததா, இல்லையா? தெரிந்தும் உன்னுடையது என்று ஏன் சொன்னாய்? எல்லார் முன்னாலும் பதில் சொல்.