திருநீறு மாதிரிப் பூசிய மருந்து

சுன்னாகம் சந்தையில் வெங்காயக் குவியல்களுக்கு நடுவே சிவமலர் என்னைக் கண்டு ஓடி வந்தாள். “மிஸி, எங்கடை அப்போதிக்கரி ஐயா காலமை மோசம் போட்டார்.” மருந்தாளர் நவரத்தினத்தாரின் சாவுச் செய்தியை அவள் வாயால்தான் கேட்க வேண்டி வந்தது.

கோப்பாய் ஆஸ்பத்திரியில் அவரோடு ஆறு வருடம் தாதியாக, ஊராருக்கு ‘மிஸி’யாக இருந்தேன். அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கடுகடுத்த முகம் நினைவிருக்கும். கரப்பன் என்று வருபவர்களுக்குக் களிம்பு கொடுக்கும்போது, “விரல் நுனியளவு மருந்து, ரெண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குக் காணும். உது வெண்ணெய் இல்லை. முகத்துக்குக் கொண்டுபோகப்படாது” என்று அதட்டுவார். எனக்கும் அதையே பலமுறை சொல்லியிருந்தார்.

மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். பெரிய போத்தலில் வந்த கடுமையான ஸ்டீரொயிட் களிம்பைச் சின்ன டப்பிகளில் அடைத்துக் கொடுத்தோம். மருந்தின் பெயரை எழுதி ஒட்டுவதற்குக் கடதாசிகூட இல்லை. அவர் வராத ஒரு நாள், முழங்கை மடிப்பில் கரப்பனோடு சிவமலர் வந்தாள். அந்த டப்பி ஒன்றைக் கொடுத்து, “திருநீறு மாதிரி மெல்லிசாய்ப் பூசும்” என்றேன். எனக்கு நல்ல கெட்டிக்காரி என்ற நினைப்பு. எங்கே, எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

அவள் நான் சொன்னபடியே செய்தாள். காலையும் மாலையும் குளித்துவிட்டு நெற்றியிலும் கன்னத்திலும் பூசினாள். டப்பி முடிய முடிய வந்தாள். நானும் கேள்வி கேட்காமல் நிரப்பினேன். முதலில் முகம் வெளுத்தது, அயலார் மெச்சினார்கள். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, நரம்புகள் தெரிந்தன. பயந்து நிறுத்தினாள். முகம் நெருப்பாய் எரிந்தது.

“மிஸி சொன்னபடிதானே ஐயா பூசினனான்” என்று அவரிடம் வந்து அழுதாள். நான் குனிந்து டப்பிகளை அடுக்கினேன்.

“மிஸிக்குச் சொல்லாமல் விட்டது நான். பிழை என்ரை, பிள்ளை” என்றார் அவர். மெல்லிய களிம்பொன்றைக் கொடுத்து, நாள் விட்டு நாளாகக் குறைத்து, கடைசியில் வெறும் வசலினில் நிறுத்தினார். எரிவு ஆறியது. கன்னத்துச் சிவப்புக் கோடுகள் ஆறவில்லை. என்னிடம் அவர், “அழுது என்ன? இனி எங்கை, எவ்வளவு, எத்தினை நாள் எண்டு சனத்துக்கு விளங்கச் சொல்லும்” என்றதோடு சரி.

செத்தவீட்டில் சிவமலர் எல்லோரிடமும் சொன்னாள்: “தன்ரை பிழையைத் தானே ஒத்துக்கொண்ட மனிசன்.” பக்கத்தில் நின்றும் நான் பேசவில்லை. வெட்கம் கெட்டவள் நான்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். சிவமலர், ஐயா எனக்குச் சொல்லியிருந்தார். உமக்குச் சொல்லாதது நான்.