பின்கோட்டில் என் நங்கையா

எங்கள் ஊர் உள்விளையாட்டு அரங்கத்தில் விளையாட்டும் நடக்கும். இதை நான் எடுத்துச் சொன்னால்தான் பலர் நம்புகிறார்கள். புடவைக் கண்காட்சி, பம்புசெட் கண்காட்சி, வேலைவாய்ப்பு முகாம், பள்ளி ஆண்டுவிழா, கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்ச்சுப் பாடகர் குழுக்களின் போட்டி, மழையில் வீடு நனைந்தவர்களுக்குத் தங்குமிடம், தடுப்பூசி எல்லாமே அங்கேதான். கோயம்புத்தூர்க்காரர் எவரும் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு முறையாவது ஏதோ ஒரு வரிசையில் நின்றிருப்பார். மரத்தரையில் பேட்மிண்டனுக்கு வெள்ளைக் கோடு, வாலிபாலுக்கு மஞ்சள், கூடைப்பந்துக்குக் கறுப்பு. அவற்றுக்கு மேல் கண்காட்சிக்காரர்கள் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போன கடை எண்கள். பல வருடமாக நான் சர்வீஸ் போடுவது ‘கடை 14 – நைட்டி’ என்ற இடத்தில் நின்றுகொண்டுதான்.

அரங்கத்தின் மேலாளர் தங்கமான மனிதர். இல்லை என்று சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு வராது. யார் வந்து எந்தத் தேதியைக் கேட்டாலும் “பாத்துக்கலாமுங்க” என்பார். எங்கள் பக்கத்தில் வேறு யார் அப்படிச் சொன்னாலும் கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். இவர் நிஜமாகவே பார்த்துக்கொள்ளக் கிளம்பிவிடுவார். அப்படித்தான் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான மாவட்ட இரட்டையர் இறுதி ஆட்டமும் ஒரு கல்யாண வரவேற்பும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் வந்து உட்கார்ந்தன.

அந்த இறுதி ஆட்டத்தில் நானும் நங்கையாவும் இருந்தோம். நங்கையா என்றால் என் அண்ணன் மனைவி. சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டருக்குப் பயந்து என்னோடு அரங்கத்துக்கு வர ஆரம்பித்தவர். நல்ல உயரம், நீளமான கை. ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாக ஆடினார். இது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

ஜெயிக்கும் ஜோடி சென்னையில் மாநிலப் போட்டிக்குப் போகும். எனக்கு அது பெரிய விஷயமில்லை, அலுவலகப் பயிற்சி என்று நாலு ஊர் பார்த்தவள். நங்கையாவுக்கு அப்படி இல்லை. அன்று ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததையே மறுபடி சொன்னார்.

“செயிச்சா நான் ரயில்ல போவேன் அம்மணி. கண்ணாலத்துக்கில்ல, எழவுக்கில்ல, கோயிலுக்கில்ல. வெளையாடறதுக்கு.”

அண்ணனிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். “மொதல்ல செயிச்சுட்டு வா” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டாராம். ஜெயிக்கமாட்டாள் என்ற தைரியம்.

அரங்கத்துக்குள் போனால், பாதியில் திரை தொங்கியது. அந்தப் பக்கம் மணமேடை. இந்தப் பக்கம் எங்கள் ஆடுகளம், அதன் ஓரம் வரை உருட்டி வைத்த சிவப்புக் கம்பளம். பூ வேலைக்காரர்கள் ரொம்ப மரியாதையானவர்கள். “நீங்க வெளையாடி முடிங்க அம்மணி, நாங்க சும்மா நிக்கிறோமுங்க” என்றார்கள். சும்மா நிற்பதற்கு முன்னால் இரண்டு ஆள் உயரச் சாமந்திப்பூ வரவேற்பு வளைவை மட்டும் ஆடுகளத்தை ஒட்டி நிறுத்திவிட்டார்கள். கோட்டு நடுவர்கள் இருவரையும் மேலாளர் ஏணி பிடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நடுவர் மட்டும் மிச்சம், ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பார்த்தால், ஒரு பக்கத்துப் பின்கோடு முழுக்கச் சாமந்திக்குப் பின்னால் இருந்தது.

“அந்தக் கோட்டுல விழுந்தா, அந்தப் பக்கம் நிக்கறவங்களே சொல்லிருங்க. நம்ம சனந்தானே” என்றார்.

நம்ம சனம். அங்கேதான் வினை.

எதிர் ஜோடி அன்னூரிலிருந்து வந்த இரண்டு ஓரகத்திகள். கை கொடுக்கும்போதே மூத்தவர் எந்த ஊரு, யாரூட்டு என்று ஆரம்பித்தார். மூன்றாவது கேள்வியில் அவருடைய அக்கா மகளைக் கட்டிய வீட்டில்தான் நங்கையாவின் சித்தி மகளையும் கொடுத்திருக்கிறது என்று வெளியாகிவிட்டது. “அட, நம்ம ஒரம்பரை!” என்று நெட்டுக்கு மேலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உறவு என்று தெரிந்தபின் மனுஷி எப்படி ஓங்கி அடிப்பது?

முதல் செட்டில் பூ வளைவு அவர்கள் பக்கம். நங்கையா அடித்தது இரண்டு விரற்கடை வெளியே விழுந்தது. “உள்ளதானுங்க, உங்குளுக்கே” என்றார் மூத்தவர். “ஐயோ, வேண்டாமுங்க” என்றார் நங்கையா. “அட, வெச்சுக்குங்க” என்றார் அவர். ஓட்டலில் பில்லுக்குச் சண்டை போடுவதைப் போல ஒரு பாயிண்டுக்கு இரண்டு நிமிடம் இழுபறி. மாஸ்டர் நாற்காலியில் அசந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்தச் செட் எங்களுக்கு. அடுத்த செட்டில் வளைவு எங்கள் பக்கம் வந்தது. வாங்கியதைத் திருப்பித் தராவிட்டால் நங்கையாவுக்குத் தூக்கம் வராது. வெளியே விழுந்த மூன்றை உள்ளே என்று சொல்லித் தூக்கிக் கொடுத்தார். அந்தச் செட் அவர்களுக்கு. நடுவில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து எல்லோருக்கும் காபி வேறு வந்தது.

மூன்றாவது செட்டில்தான் கவனித்தேன். பாதியில் பக்கம் மாறியதும் வளைவு மறுபடி எங்களிடம் வந்தது. அன்னூர்க்காரர்கள் இப்போது தங்கள் கோட்டை நன்றாகப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். அங்கே விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் மட்டும் உபசாரம் தொடர்ந்தது. அவர்கள் அடித்த ஷட்டில் காக் வெளியே விழும், மூத்தவர் தலையைச் சாய்த்துச் சிரிப்பார், நங்கையா “உள்ளதானுங்க” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நங்கையா, ரயில நெனைங்க” என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இருபதுக்குப் பத்தொன்பது. நாங்கள் ஒன்று முன்னால், இன்னும் ஒன்று வந்தால் ஜெயித்தோம். மூத்தவர் ஓங்கித் தூக்கி அடித்தார். காக் என் தலைக்கு மேலே போனது. நங்கையா பின்னால் ஓடினார், மட்டையைத் தூக்கினார், அடிக்காமல் விட்டுவிட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

“உள்ளீங்களா, வெளியீங்களா?” என்றார் மாஸ்டர்.

மூத்தவர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டு நின்றார், பலகாரத் தட்டுக்குக் கை நீட்டியவர் மாதிரி. திரைக்கு அந்தப் பக்கம் மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள். நங்கையா காக்கைப் பார்த்தார். பிறகு மூத்தவரைப் பார்த்தார்.

“வெளியீங்க. எங்க பாயிண்டு” என்றார்.

மூத்தவரின் சிரிப்பு இறங்க நேரமெடுத்தது. கை கொடுத்தார், கையில் சூடே இல்லை. வரவேற்பில் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பெண்ணின் அப்பா எல்லோரையும் பிடித்து உட்காரவைத்தார். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு மூத்தவர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்கும் கேட்டது, கேட்கட்டும் என்றுதான் சொன்னார். “ஒரு பாயிண்டுக்கோசரம் ஒறவ அறுத்துபோட்டாளுங்க.” நங்கையா ஜிலேபியை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். சர்க்கரையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. அண்ணன் வாசலிலேயே நின்றார். கையில் போன்.

“ஏம்புள்ள, ஒறம்மொறைல இப்புடியா? அந்த ஒண்ண உட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?”

நங்கையா மட்டைப் பையைக் கீழே வைத்தார். இருவருக்கும் கல்யாணமாகி முப்பது வருடம். அந்த முப்பதில் அவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்.

“முப்பது வருசமா உட்டுக் குடுத்துட்டுத்தானுங்க இருக்கறேன். அது வெளியதானுங்க உழுந்துச்சு.”

சொல்லிவிட்டு உள்ளே போய், பரணிலிருந்து பெட்டியை இறக்க ஸ்டூலைத் தேடினார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். போனைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணன் உள்ளே போய்ப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

“எத்தன மணிக்கு ரயிலு?” என்று கேட்டார்.