கொண்டைத்தாராவுக்குத் தட்டிய தகரம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் எழுத வந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குசினிக்குப் பின்னால் அடி நெளிந்த மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று கிடக்கிறது. மனைவி அதில்தான் கோழிகளுக்குத் தவிடு குழைக்கிறாள். அது நெளிந்த கதையை அவளுக்கும் நான் சொன்னதில்லை.

ஐம்பதுகளில் வட்டக்கச்சிப் பக்கத்துக் குளமொன்றில், தினமும் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதுவது என் வேலை. வயலுக்குத் தண்ணீர் விடும் துருசைத் திறந்து மூடுகிறவரை எல்லோரும் துருசண்ணை என்போம். மாரியில் சிறகி வாத்துகள் கூட்டமாக வந்து கரையோரச் சேற்றில் மேயும். ஒரு தை மாதம் அவற்றுக்கு அப்பால், ஆழத் தண்ணீரில், தனியாக ஒரு தாரா நின்றது. சிறிய உடம்பு, கறுத்த முதுகு, வெள்ளை விலா, மஞ்சள் கண், பிடரியில் தொங்கும் கொண்டை. சின்னத் துள்ளலோடு உள்ளே போகும். நான் இருபது எண்ணுவதற்குள் வேறோர் இடத்தில் தக்கை மாதிரி மேலே வரும். முதலில் கண்டவன் நான். துருசண்ணையிடம் மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை இஞ்சினியர் ஐயா வந்தபோது துருசண்ணை அதைக் காட்டிவிட்டார். ஐயாவுக்குப் பறவைப் பைத்தியம். "ரஷ்யாப் பக்கம் குஞ்சு பொரிக்கிற சாதி இது. இஞ்சை வாறது அருமை. அடுத்த சனியும் நிண்டால் கொழும்புக்கு எழுதுவன். கண்ட ஆளின்ரை பேரும் போகும்" என்றவர், தன் தொலைநோக்கியைக் கழற்றித் துருசண்ணையின் கழுத்தில் மாட்டினார். பத்தடி பின்னால் நின்ற எனக்கு வயிறு எரிந்தது. மட்டம் பார்க்கப் போவதுபோல் அங்கிருந்து நழுவிவிட்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் துருசண்ணைக்குத் தாராக் கதைதான். "சிறகி நிண்ட இடத்திலை எழும்பும். இவனுக்குக் கால் பின்னுக்குக் கிடக்கு, தண்ணிக்கு மேலை ஓடித்தான் எழும்பவேணும். பஸ்ஸைத் தவறவிட்ட எங்கடை விதானையார் மாதிரி" என்று தேத்தண்ணிக் கடையைச் சிரிக்க வைத்தார். என்னைப் பார்த்து, "உனக்கேன் தம்பி முகம் உப்பிக் கிடக்கு?" என்றார். "ஒண்டுமில்லை அண்ணை" என்றேன். கடிதத்தில் அவருடைய பெயர் அழகான எழுத்தில் போவதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனி விடிய, தகரத்தோடு குளக்கட்டுக்குப் போனேன். கதிர் முற்றும் காலத்தில் வயலில் பறவை விரட்டத் தகரம் தட்டுவது வழக்கம். யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். முதல் தட்டிலேயே சிறகிகள் எழும்பிப் போயின. கொண்டைத்தாரா முழுகியது. மேலே வந்ததும் தட்டினேன், திரும்பவும் முழுகியது. கட்டு நீளத்துக்கு ஓடி ஓடித் தட்டினேன். கடைசியில் அது தண்ணீரின்மேல் படபடவென்று ஓடி, எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிப் பூநகரிப் பக்கமாகப் போய்விட்டது.

ஐயா வந்து குளத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்தபடி என்னிடம் திரும்பி, "உம்மடை முழுப்பேர் என்ன?" என்றார்.

நான் துருசண்ணையைத் திரும்பிப் பார்த்தேன்.

"போன கிழமையே ஐயாட்டைச் சொல்லிப்போட்டன், கண்டது நீயெண்டு" என்றார் துருசண்ணை. "முன்னமே சொன்னால் கூச்சத்திலை இண்டைக்கு வராமல் நிண்டிடுவாய். அதுதான் சொல்லேல்லை."

"திரும்பி வந்தால் எழுதுவம்" என்றார் ஐயா.

"அது இனி வராது ஐயா" என்று என் வாயில் வந்துவிட்டது. துருசண்ணை என்னைப் பார்த்தார். பக்கத்துப் பற்றைக்குள் நான் ஒளித்துவைத்திருந்த தகரத்தையும் பார்த்தார்.

பிறகும் பல வருடங்கள் அவரோடுதான் வேலை செய்தேன். ஒருநாளும் அவர் அதைக் கேட்டதில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்மேல் எனக்கு இன்றும் பொறாமைதான். கழுத்தில் மாட்டிய தொலைநோக்கிக்காக அல்ல, அந்த மனதுக்காக. தவிடு தீர்ந்ததும் கோழிகள் தகரத்தின் அடியைக் கொத்தும் சத்தம் கேட்டால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

தாரா போன மறுநாள் ஞாயிறு. தண்ணீர் மட்டம் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. எழுதி வைத்தேன்.