கல்லில் ஏறிய கொக்குக் கணக்கு

பத்திரிகையைத் திறந்தால் யாராவது ஒருவருக்கு ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கிடைத்திருக்கிறது. பண்டிதர், விஞ்ஞானி, சித்திரக்காரர் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். நான் எண்ணித்தான் சொல்கிறேன். படிக்கும்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே குடைகிறது. எனக்கும் இரண்டு வருஷம் அப்படிக் கிடைத்தது. அதில் பாதி நாள் சேற்றில் நின்றேன்.

அப்போது எங்கள் பக்கம் ரயில் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கணக்கு வாத்தியார். ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தார்கள். வித்தை உள்ளவர்களை ஒரு வருஷம் பிழைப்புக் கவலை இல்லாமல் வைத்து ஆதரிப்பது சபையின் நோக்கம். அதற்கு உபகாரச் சம்பளம் என்று பெயர். அந்த வருஷம் மூன்று பேர். தல புராணம் பாடுவதற்கு ஒரு புலவர், திரைச்சீலையில் தெய்வப் படங்கள் எழுத ஒரு சித்திரக்காரர், சாஸ்திரத்துக்கு நான்.

என்னை எடுத்ததற்குக் காரணம் என் மேதைமை அல்ல. சாஸ்திரத்துக்கு வேறு ஆள் அகப்படவில்லை. மம்சாபுரம் போகிற வழியில் ஒரு கண்மாய் உண்டு. விடுமுறை நாளில் அதன் கரையில் நின்று பறவைகளை எண்ணுவது என் வழக்கம். சபைத் தலைவர் ஒருநாள் வண்டியில் போகும்போது அதைப் பார்த்துவிட்டார். பஞ்சுக் கிடங்கு வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழுமாகப் பேசுகிறவர். எல்லோருக்கும் முதலாளி.

"ஏமண்டி வாத்தியாரே, என்ன எண்ணுதீக?"

"கொக்கு, நாரை, தாரா. எது எப்ப வருது, எப்ப போகுதுன்னு, முதலாளி."

"இதுவும் ஒரு சாஸ்திரமா?"

"எண்ணினா சாஸ்திரம்தான்" என்றேன். அந்த வாக்கியம் அவருக்குப் பிடித்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் விடுப்பு வாங்கினேன். தினமும் விடிவதற்குள் கரையில் இருப்பேன். நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், முக்குளிப்பான், உள்ளானில் மட்டும் ஐந்து வகை. வழிப்போக்கர்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு.

"என்னய்யா, இன்னைக்கு எம்புட்டு?"

"செத்த நேரம் பேசாம இருங்க. மறந்துரும்."

"மறந்தா என்ன? மறுபடி மொதல்ல இருந்து எண்ணுங்க. சம்பளம் வருதுல்லா!"

வீட்டுக்காரிக்கு வேறு கவலை. "தண்ணிக்குப் போனா ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் கேக்காளுக. உங்க வீட்டுக்காரரு வேலையை விட்டுட்டு கொக்குப் பின்னால சுத்துதாராமேன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"ஆராய்ச்சின்னு சொல்லு."

"சொன்னேன். வைத்தியருகிட்டக் காட்டினியான்னு கேக்கா."

வருஷம் முடிந்தபோது நாற்பத்தேழு வகை சேர்ந்திருந்தது.

சபையின் விதிப்படி மூவரும் அரங்கேற்றம் செய்ய வேண்டும். ராஜபாளையத்துச் சாவடியில் பந்தல் போட்டார்கள். புலவர் மூன்று நாள் பாடினார். சித்திரக்காரர் திரையை விலக்கியதும் கற்பூரம் காட்டினார்கள். நான் பறவைகளின் பெயர்களையும் வந்த மாதங்களையும் வாசித்தேன். நாமக்கோழி என்றதும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுந்தார். "நெத்தியில நாமம் போட்டிருக்கு, அது எங்க ஊருப் பறவை. அதை மொதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். சபை சிரித்தது. எனக்கும் மாலை விழுந்தது.

மாலையோடு நின்று நான் இன்னொரு வருஷம் கேட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒரு வருஷம் எண்ணியது வெறும் எண்ணிக்கை. அதே பறவைகள் அதே மாதத்தில் மறுபடி வருகின்றனவா என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியவரும்.

முதலாளி மெய்யாகவே குழம்பினார். "போன வருசம் எண்ணியாச்சு. அதை எதுக்கு மறுபடி எண்ணணும்? கொக்கு என்ன, வேற பறவையா மாறிருமா?"

"மாறாது. வராமப் போகலாம். புதுசா வரலாம்."

"புலவர் பாடி முடிச்சாரு. மறுபடி அதையே பாடுதேன்னு கேட்டாரா? அரங்கேறினா முடிஞ்சது வாத்தியாரே. இனி அதுல கை வச்சா அதுக்குத்தான் குறை."

புலவரும் தலையாட்டினார். அரங்கேறிய நூலில் ஆக்கியோனே ஒரு சீரைக்கூட மாற்றக் கூடாதாம். என் நாரைகளை அவர் பாட்டு வரிகளாகவே பார்த்தார்.

இன்னொரு வருஷம் தரவில்லை. அதற்குப் பதிலாக எனக்குப் பெரிய மரியாதை செய்ய முடிவு செய்தார்கள். கணக்கைக் கல்லில் வெட்டிக் கண்மாய்க் கரையில் நடுவது. எங்கள் பக்கத்தில் யாராவது தர்மம் செய்தால் கல்லில் வெட்டுவார்கள். வெட்டினால் சந்திர சூரியர் உள்ளவரை என்று முடிப்பார்கள். நிலதானமோ தண்ணீர்ப் பந்தலோ, எதற்கும் அந்த முடிவுதான். இந்தக் கல்லிலும் அப்படியே எழுதினார்கள்: இக்கண்மாயில் வந்து தங்கும் பறவைகள் நாற்பத்தேழு வகை, சந்திர சூரியர் உள்ளவரை.

"இந்த வருஷம்னு ஒரு வார்த்தை சேக்கணும் முதலாளி" என்று கெஞ்சினேன்.

"கல்லுல போயி ஒரு வருசத்துக்கு மட்டும்னு யாராவது வெட்டுவாகளா? கேட்டா சிரிப்பாக."

மேளம் வைத்துக் கல்லை நட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன்.

அடுத்த பருவத்தில் மழை பொய்த்தது. கண்மாயில் நடுவே ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. தையில் அதுவும் வற்றியது. ஆடு மேய்க்கிறவர்கள் கல்லில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். கடைத்தெருவில் என்னைக் கண்டால் விடமாட்டார்கள்.

"ஐயா, நாப்பத்தேழு வகைன்னு எழுதியிருக்கு. ரெண்டு கொக்கும் ஒரு காக்காயும்தான் நிக்கி. மிச்சத்துக்கு யாரு பொறுப்பு?"

"காக்காய் கணக்கில் இல்லை" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஒருநாள் நடுப்பகலில் முதலாளியின் வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றது. வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டு வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். முகம் வாடியிருந்தது. அவரோடு பருத்தி ஏலத்தில் போட்டியிடும் இன்னொரு வியாபாரி, பத்துப் பேர் நடுவில் கேட்டாராம்: "சந்திரன் இருக்கு, சூரியனும் இருக்கு. கொக்கைத்தான் காணோம். முதலாளி அதையும் வித்துட்டாவளோ?"

"கல்லை எடுத்துருவோமா?" என்றேன்.

"நட்ட கல்லை எடுக்கதா? குடும்பத்துக்கு ஆகாது. நீரு ஒண்ணு செய்யும். காணாமப் போனது எங்க போயிருக்குன்னு கண்டுபிடியும். ஒரு வருசச் சம்பளம் தாரோம். பொறவு மழை பேஞ்சா கூட்டிட்டு வந்துரலாம்."

பறவைகளைக் கூட்டிவர முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வருஷத்துக்காக மாலையோடு நின்று கெஞ்சியவன் நான். இப்போது அது வண்டியேறி வந்திருந்தது. "சரி முதலாளி" என்றேன்.

அந்த வருஷமும் மழை இல்லை. மறுபடி விடுப்பு வாங்கி வத்திராயிருப்பு வரை நடந்தேன். மலையடிவாரத்தில் தண்ணீர் இருந்த குளங்களையெல்லாம் பார்த்தேன். நாற்பத்தேழில் பத்தொன்பது வகை அங்கே அகப்பட்டன. மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை. இருந்தாலும் வாரம் ஒருமுறை வறண்ட கண்மாய்க்கும் போய், ஒன்றும் வராததை எண்ணினேன். எண்ணுவதிலேயே அலுப்பானது அதுதான். நிழலுக்கு இருந்தது அந்தக் கல் மட்டும். அதில் சாயப் பிடிக்காமல் வெயிலில் நின்றேன்.

வருஷ முடிவில் அரங்கேற்றம் நடக்கவில்லை. அதற்கு முந்தின நாளே புலவர் என் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். வரிக்கு வரி வரவில்லை, காணவில்லை, இல்லை என்றே முடிகிறது. மங்கள விளக்கு வைத்த பந்தலில் இதை வாசிக்கலாகாது என்றார். சபையும் ஒத்துக்கொண்டது.

முதலாளி மட்டும் தம் கிடங்கில், பஞ்சுப் பொதிமேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறை கண் அசந்தார், நான் நிறுத்தியதும் விழித்து, "ம், உள்ளான் வரல. அப்புறம்?" என்றார்.

முடித்ததும் கேட்டார்: "அப்ப, மழை பேஞ்சா திரும்பி வந்துருமா?"

"வரும்னுதான் நினைக்கேன். பாத்தாத்தான் தெரியும்."

"அதுக்கு இன்னொரு வருசம்."

"ஆமா."

"அதுக்குப் பொறவு?"

"இன்னொண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கிணறு வெட்டப் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தவன், தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பதைப்போல இருந்தது அந்தப் பார்வை.

"போதும் வாத்தியாரே. எனக்கு அலுத்துப்போச்சு. உமக்கு அலுக்கலையா?"

அலுத்துத்தான் இருந்தது. கால் வீங்கியிருந்தது. ஆனாலும் வேண்டியிருந்தது. ஏட்டைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

கல் நட்ட மூன்றாம் வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. நான் ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வடக்கேயிருந்து ஒரு பறவைக் கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு மேலாகக் கண்மாய்ப் பக்கம் போனது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னும் உயரத்தில். பையன்களைச் சிலேட்டில் கணக்குப் போடச் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனேன். தாரா வாத்துகள் என்பது மட்டும் தெரிந்தது. எந்த வகை என்று பிடிப்பதற்குள் கூரை மறைத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.