இராயப்பர் பட்டணம்

மூன்று வருடங்களுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் ஒரு பக்கம் சிரிப்பு வரும், ஒரு பக்கம் உடம்பு கூசும்.

நான் அங்கே ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை செய்கிறேன். கத்தோலிக்கச் சனம் நாற்பது பேரை யோர்தானுக்கு யாத்திரை கூட்டிப்போக ஏற்பாடு. பிரெஞ்சில் வந்த நிகழ்ச்சி நிரலைத் தமிழாக்குவது என் பொறுப்பு. நான்காம் நாளுக்கு நேரே 'பெத்ரா, சித்தே து பியேர்' என்று இருந்தது. சித்தே என்றால் நகரம். பியேர் என்றால் பேதுரு, நம்முடைய இராயப்பர். ஒரு கணம்கூட யோசிக்காமல் 'அர்ச். இராயப்பர் பட்டணம்', அதாவது புனித இராயப்பரின் ஊர் என்று தட்டி, விளம்பரமாக அச்சடித்துக் கடைகடையாக ஒட்டியும் விட்டேன். பிரெஞ்சில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் அப்போது எனக்கு.

நான்கே நாளில் இடம் நிரம்பிவிட்டது! என் தமிழின் அழகுதான் காரணம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசி இடத்துக்கு வந்தவர் ஒரு மன்னார் அக்கா. அலுவலகக் கந்தோர்களில் துப்புரவு வேலை செய்பவர். கையில் கடதாசி சுற்றிய முழ நீள மெழுகுதிரி. ஊரில் அவருடைய அண்ணன் கடலில் காணாமல்போய் மூன்றாம் நாள் உயிரோடு கரை சேர்ந்தாராம். மீனவரின் காவலர் இராயப்பருக்கு அப்போது வைத்த நேர்த்தி, பிரான்சில் வதிவிட கார்ட் கிடைக்காததாலும் வேலையாலும் இத்தனை வருடம் தள்ளிப்போய்விட்டதாம். இதற்காகவே முதல் தடவையாக லீவு எடுத்திருந்தார். ரோமாபுரியில்தானே அவருடைய கோவில் என்று நான் கேட்டதற்கு, "அங்கை அவர் செத்தவர் பிள்ளை. இது அவர் இருந்த ஊரெண்டு நீங்கள்தானே போட்டிருக்கிறியள்," என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

யாத்திரைக்காரருக்கான விளக்கக் கூட்டத்தன்று காலை, நாலு விசயம் சொல்லலாமே என்று மெட்ரோவில் பெத்ராவைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அப்பப்பா! இரண்டாயிரம் வருடத்துக்கு முன், ஒட்டகத்தில் சாம்பிராணி ஏற்றி விற்ற அரபு வணிகர்கள் பாலைவனத்து மலையையே குடைந்து கட்டிய நகரம். எப்போதாவது பெய்கிற மழையைப் பாறையில் வாய்க்கால் வெட்டிச் சேர்த்து ஊருக்கே தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். வாசித்த சுவாரசியத்தில் இறங்க வேண்டிய மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் இராயப்பர்? எங்கே தேடியும் ஆளைக் காணோம். பெத்ரா என்றால் கிரேக்கத்தில் பாறை என்று கண்டதும்தான் உறைத்தது. பியேர் என்றால் கல்லும்தானே! எல்லாம் கேபிட்டல் எழுத்தில் இருந்ததால், கல்லை ஆளின் பெயராக எடுத்துவிட்டேன்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணமும் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் முன்வரிசையில் அந்த அக்கா, மடியில் மெழுகுதிரியோடு. என்னால் முடியவில்லை. எழுந்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அப்ப கல்லைப் பாக்கவோ போறம்?" என்று கட்டட வேலை செய்யும் ஒரு அண்ணை கேட்டார். வேறு வழியில்லாமல், காலையில் வாசித்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். பாறை முகப்புகளை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி இறங்கினார்கள் என்றதும் அண்ணை எழுந்தே விட்டார். கீழிருந்து சாரம் கட்டாமலா என்று கேட்டார். வெட்டாத பாறையிலேயே நின்றுகொண்டு வெட்டினார்களாம் என்றேன். "அப்ப ஒருக்கால் பிழையா வெட்டினால்?" என்றார்.

"திருத்த ஏலாது அண்ணை," என்றேன்.

அப்போது அந்த அக்கா சொன்னார்: "ராயப்பருக்குக் கல்லெண்டு பேர் வைச்சதே ஆண்டவர்தானே. பிள்ளை என்ன பெரிசா பிழை விட்டிட்டுது? நான் வாறன்."

ஒரே சிரிப்பு. நாற்பது பேரில் ஒருவர்கூட விலகவில்லை.

நானும் போனேன். பெத்ராவின் மலையிடுக்கு வழியாக நடந்து, திடீரென்று அந்தச் சிவந்த முகப்பு கண்ணில் பட்டபோது அண்ணை வாய் பிளந்து நின்றதை எப்படி மறப்பேன்! பாறையில் குடைந்த பெரிய கல்லறைக் கூடம் ஒன்றைக் காட்டி, பிற்காலக் கிறிஸ்தவர்கள் இதைக் கோவிலாக்கி வழிபட்டார்கள் என்றார் வழிகாட்டி. எனக்குச் சரியாகத்தான் விளங்கியதா என்று அவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டே தமிழில் சொன்னேன். நெருப்பு மூட்ட அனுமதியில்லை. அக்கா மெழுகுதிரியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடிச் செபித்தார். பாரிஸ் திரும்பி, அடுத்த ஞாயிறு எங்கள் கோவிலில் அதைக் கொளுத்தியபோது, அடியில் அந்தச் சிவப்புத் தூசி இன்னும் ஒட்டியிருந்தது.

இப்போதும் வேலையில் பியேர் என்ற சொல்லைக் கண்டால் நின்று, இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்று மண்டபத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்தத் தூசியைக் கண்டபோது எனக்கு வந்த ஆனந்தக் கண்ணீருக்குப் பதில் வெட்கம்தான் வந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.