கிரேஸ் சுட்ட மின்சாரப் பீரங்கி

கிரேஸ் போய்விட்டாள் என்று அவள் மகள் முந்தாநாள் காலை தொலைபேசியில் சொன்னாள். எங்கள் தூத்துக்குடிக் கல்லூரியில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நாசரேத்துக்காரி, எழுபதுகளில் என்னோடு இயற்பியல் விரிவுரையாளர், போர்க்கப்பலுக்குப் பீரங்கி செய்யப் புறப்பட்டவள்.

புதுத் துறைமுகத்தைப் பார்க்க வந்த கடற்படை அதிகாரி ஒருவர் எங்கள் கல்லூரியில் பேசினார். மின்சாரத்தாலேயே குண்டைத் தள்ளும் பீரங்கியைப் பற்றி வெளிநாடுகளில் யோசிக்கிறார்கள், அது வந்தால் கப்பலில் வெடிமருந்தே வேண்டாம் என்றார். கூட்டம் கலைவதற்குள் கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா செண்பகம், நாம ஒண்ணு செஞ்சி பாத்தா என்னளா?"

செய்தோம். இரண்டு செம்புப் பட்டைகள், நடுவே ஓர் அலுமினியத் துண்டு. ஒரு பட்டையில் போகும் மின்சாரம் துண்டைக் கடந்து மற்றதில் திரும்பும்போது பிறக்கும் காந்த விசை துண்டை முன்னே தள்ள வேண்டும். பழைய கண்டென்சர்களில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, ஒரே வீச்சில் திறந்துவிட்டோம். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், இடிச்சத்தம், புகை. துண்டு இம்மியும் நகராமல் பட்டைகளோடு உருகி ஒட்டியிருந்தது. பட்டைகளோ இரண்டு பக்கமும் வளைந்து விலகியிருந்தன. ஓடிவந்த முதல்வர், "இன்னும் ஒரே தடவ. அதுக்கப்புறம் ஆய்வுக்கூடத்துல இது இருக்கக்கூடாது" என்றார். நான் பயந்துபோய்க் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினேன். அவளோ சிரித்தாள். "பட்டை ரெண்டும் எப்படி வெலகிட்டு பாத்தியா? அம்புட்டு வெசை இருக்குளா இதுல!"

பட்டைகளை, மின்சாரம் பாயாத தடித்த பேக்கலைட் பலகைகளுக்கு நடுவே வைத்துப் போல்ட்டுகளால் இறுக்கினாள். ஆனால் ஒட்டிக்கொள்வதை என்ன செய்வது? ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வகுப்பு நடுவிலேயே என்னைத் தேடி வந்தாள். "நிக்கிற துண்டுல கரண்ட் பாஞ்சாத்தான ஒட்டும்? ஓடுத துண்டுக்கு ஒட்ட நேரம் ஏது?"

முதலில் காற்றால் துண்டை உந்திவிட வேண்டும். முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைகளான பார்களை ஆராயக் கடலுக்குள் இறங்கும் சேவியர் அண்ணாச்சியிடம் காற்று உருளை கேட்கப் போனோம்.

"காத்த வச்சி என்ன செய்யப் போறிய?"

"சுடப் போறோம் அண்ணாச்சி."

"யார?" என்று அவர் ஓரடி பின்வாங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

கடைசித் தடவை சுட்டபோது முதல்வரும், கிரேஸ் கடிதம் எழுதி வரவழைத்த அந்தக் கடற்படை அதிகாரியும் நின்றிருந்தார்கள். கிரேஸ் காற்றைத் திறந்தாள். துண்டு பட்டைகளுக்குள் நுழைந்ததும் மின்சாரம் பாய்ந்தது. சாட்டையடி போல ஒரு சத்தம். எதிரே மணல் நிரப்பி வைத்த பெட்டியின் பலகையில் ஓட்டை! நான் சத்தம் போட்டுக் கத்திவிட்டேன். முதல்வர் கைதட்டினார்.

"இதைப் பெரிதாகச் செய்து கப்பலில் வைக்கலாமா?" என்றார் அதிகாரி. ஆம் என்றால் டில்லிக்கே சிபாரிசு செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இப்போ முடியாது சார்" என்றாள் கிரேஸ். பட்டைகளைக் கழற்றிக் காட்டினாள். ஒரே வீச்சில் செம்பு அரித்துப் பள்ளம் பள்ளமாகியிருந்தது. "ரெண்டு தடவ சுட்டா குழலையே மாத்தணும். அவ்வளவு மின்சாரத்த ஒரு நொடிக்குள்ள கொடுக்க கப்பல்ல இடமும் இல்ல. உப்புக்காத்து வேற." அதிகாரி அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டை மறந்து இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் அவர் சிபாரிசில் கிரேஸ் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தாள்.

போன மாதம் பேசும்போது, வெளிநாட்டில் இத்தனை காலம் முயன்றும் அந்தப் பீரங்கியின் பட்டைகள் சீக்கிரம் தேய்ந்துபோகின்றனவாம் என்று சொன்னேன். படுக்கையில் இருந்தவளின் குரல் துள்ளியது. "இன்னுமா தேயுது? அப்போ நமக்கு வேலை கெடக்குளா!"

அந்த 'நமக்கு' என்ற சொல்லில் என்னையும் சேர்த்துக்கொண்டாளே, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.